நாய்க்கடி: ஏஆர்வி (வெறிநோய்த் தடுப்பூசி) போட்டாச்சு, ஆனா கை வீங்குது. புண்ணில் எதைப் பார்க்கணும்?

கீழத்தெரு | 4 மார்ச் 2025, மாலை 6.10

மாமாவை ஞாயித்துக்கிழமை (2ஆம் தேதி) சாயங்காலம் தெருநாய் கடிச்சிருச்சு. திண்டுக்கல் பக்கம் கிராமம். வயசு 52, எடை 60 கிலோ, சுகர் இருக்கு. வலது முன்கையில ரெண்டு ஆழமான கிழிசல். அதே கையில சுட்டுவிரல் அடியில, உள்ளங்கைப் பக்கம், பல் இறங்கின ஓட்டை ஒண்ணு. வீட்ல தண்ணி ஊத்திக் கழுவி மஞ்சத்தூள் வச்சுக் கட்டிட்டாங்க. திங்கக்கிழமை காலைல ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டு தோள்லயும் ஒவ்வொரு ஊசி, ஒரு டிடி (டெட்டனஸ் ஊசி), அஞ்சு நாளைக்கு செஃபாலெக்சின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. இப்ப கை வீங்கி விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்கிறார். "ஊசிதான் போட்டாச்சே, தன்னால வடிஞ்சிரும்"னு எல்லாரும் சொல்றாங்க. மஞ்சள் பத்து தொடரலாமா? இன்னும் எத்தனை நாள் பாக்கறது?

காயக்கட்டு | 4 மார்ச், இரவு 7.00

மஞ்சள் பத்து வேண்டாம். தோளில் போட்ட ஊசி வெறிநோய் வைரஸுக்கு மட்டுமே. நாய் வாயிலிருந்து புண்ணுக்குள் இறங்கிய பாக்டீரியாவை அது தொடாது. "ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதியில்தான் கைகள் கெட்டுப்போகின்றன. வெறிநோய்க் கணக்கு வேறு, புண் சீழ் பிடிக்கும் கணக்கு வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்று இரவே செய்ய வேண்டியவை. அந்தக் கையில் மோதிரம், காப்பு, மந்திரித்துக் கட்டிய கயிறு எது இருந்தாலும் கழற்றுங்கள். மோதிரம் வரவில்லை என்றால் சோப்பு நுரை போட்டுத் திருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் வெட்டச் சொல்லுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அது விரலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும்.

பிறகு கட்டைப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் சாதாரணக் குளியல் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இரண்டு நாள் கழித்தும் கழுவலாமா என்று கேட்பார்கள். கழுவலாம், கழுவ வேண்டும். சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைக் கரைக்கிறது, ஓடும் தண்ணீர் அழுக்கையும் கிருமியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஒட்டியிருக்கும் மஞ்சளைச் சுரண்ட வேண்டாம், ஊறவிட்டால் வந்துவிடும். முடித்ததும் பெட்டாடைன் கரைசல், மேலே இறுக்காமல் காஸ் துணி. கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் தூளி கட்டினால் கை பெரும்பாலும் தொப்புளுக்கு இறங்கிவிடும், வீக்கத்துக்கு அதனால் பயனில்லை. படுக்கும்போது இரண்டு தலையணை அடுக்கி அதன் மேல் வையுங்கள்.

காலையில் ஜி.எச். போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: சீரம், மாத்திரை மாற்றம். விவரம் அடுத்த பதிவில்.

காயக்கட்டு | 4 மார்ச், இரவு 7.45

சீரம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி எதுவானாலும் வெறிநோய்க் கணக்கில் மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிகுந்த வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, புண்ணுக்குள்ளேயே எதிர்ப்புப் புரதம் (இம்யூனோகுளோபுலின்) செலுத்த வேண்டும். தடுப்பூசியைப் பார்த்து உடம்பு தானே எதிர்ப்புச் சக்தி உண்டாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் நரம்பைப் பிடித்துவிடாமல் காப்பது இந்தச் சீரம்தான். விரல்களில் நரம்பு முனைகள் நெருக்கம் என்பதால் கைக்கடியில் இது இன்னும் முக்கியம்.

முதல் தடுப்பூசி போட்ட நாளைப் பூஜ்யமாக எண்ணுங்கள். அதிலிருந்து 7ஆம் நாள் வரைதான் சீரம் போடலாம். அதன் பிறகு உடம்பே உற்பத்தி தொடங்கிவிடும், வெளியிலிருந்து கொடுத்தால் அதற்கு இடைஞ்சல். உங்கள் மாமாவுக்குக் கடைசி நாள் 10ஆம் தேதி. அதுவரை காத்திருக்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள், நாளைக் காலையே போட வேண்டும்.

அளவு: குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் கிலோவுக்கு 20 யூனிட். 60 கிலோவுக்குக் குதிரைச் சீரம் 2400 யூனிட். நம் ஊரில் வருவது மி.லி.க்கு 300 யூனிட் என்பதால் 8 மி.லி. மனிதச் சீரம் என்றால் 1200 யூனிட். அது மி.லி.க்கு 150 யூனிட் என்பதால் அதுவும் 8 மி.லி.தான். சில இடங்களில் இப்போது மோனோக்ளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதம்) கிடைக்கிறது. அதன் கணக்கு வேறு, பெட்டியில் போட்டிருக்கும்.

எங்கே போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். புண்ணின் விளிம்பிலும் ஆழத்திலும் ஊசியைச் செலுத்தி, எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு விட வேண்டும். மொத்தத்தையும் இடுப்பில் போட்டு அனுப்புவது சரியல்ல. புண்ணுக்குள் போக வேண்டிய மருந்து அது. உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. புண் பல இடங்களில் இருந்து அளவு பற்றாமல் போனால் உப்புக் கரைசல் (நார்மல் சலைன்) கலந்து அளவைக் கூட்டிக்கொள்வார்கள். விரலில் மட்டும் கொஞ்சமாகத்தான் செலுத்த முடியும், அழுத்தித் திணித்தால் ரத்த ஓட்டம் நெரிபடும்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அபூர்வமாக ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும்.

காயக்கட்டு | 4 மார்ச், இரவு 8.20

மாத்திரை. நாய்க்கடிப் புண்ணில் வருவது ஒரே கிருமி அல்ல. பாஸ்டுரெல்லா, ஸ்டாஃப், ஸ்ட்ரெப், கூடவே காற்றில்லாமல் வளரும் கிருமிகள். செஃபாலெக்சின், கிளாக்சசிலின், எரித்ரோமைசின் ஆகியவை தனியாகப் பாஸ்டுரெல்லாவுக்கு நம்பகமில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால் அதுதான் முதல் தேர்வு. பெரியவர்களுக்கு வழக்கமாக 625 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பாட்டின் முதல் வாயோடு. புண் இன்னும் சீழ் பிடிக்காமல் முன்காப்பாகக் கொடுத்தால் 3 முதல் 5 நாள். பிடித்துவிட்டால் 7 நாளோ மேலேயோ. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்கிளினோடு மெட்ரோனிடசோல் சேர்த்துத் தருவார்கள். மருந்துக் கடையில் நீங்களே வாங்காதீர்கள். சிறுநீரகம், கல்லீரல் பார்த்து அளவு மாறும். ஆனால் "நாய்க்கடிக்கு செஃபாலெக்சின் மட்டும் போதுமா?" என்று மருத்துவரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

எல்லாக் கடிக்கும் மாத்திரை தேவையில்லை. தொடையில் மேலோட்டமான கீறலுக்கு நல்ல கழுவல் போதும். கை, பாதம், மூட்டுக்கு மேல், முகம், பிறப்புறுப்பு, ஆழமான ஓட்டை, நசுங்கிய சதை, எட்டு மணி நேரத்துக்கு மேல் கழுவாமல் கிடந்த புண், சர்க்கரை நோயாளி, ஈரல் கெட்டவர், மண்ணீரல் எடுத்தவர், செயற்கை மூட்டு அல்லது வால்வு உள்ளவர்: இவர்களுக்குத் தேவை. உங்கள் மாமா இதில் மூன்று இடத்தில் வருகிறார்.

பனையூரான் | 4 மார்ச், இரவு 9.15

நாயைப் பிடிச்சுக் கட்டிப்போட்டு பத்து நாள் பாருங்க. அது உசுரோட இருந்தா ஒரு ஊசியும் வேணாம். எங்க ஊர்ல எப்பவும் அப்படித்தான்.

காயக்கட்டு | 4 மார்ச், இரவு 9.40

பத்து நாள் கணக்கு உண்மைதான், அதைப் பயன்படுத்தும் விதம் தவறு. வெறிபிடித்த நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கினால் பத்து நாளுக்குள் அது நோய் முற்றிச் செத்துவிடும். அதனால் கடித்து பத்து நாள் கழித்தும் நாய் திடமாக இருந்தால், கடித்த நேரத்தில் எச்சிலில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். அப்போது மருத்துவர் மீதி ஊசியைக் குறைக்கலாம். ஆனால் ஊசியையும் சீரத்தையும் தொடங்கிவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தொடங்கக் கூடாது. எட்டாம் நாள் நாய் செத்தால் அந்த எட்டு நாளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. நோய் தொடங்கிய பின் காப்பாற்ற மருந்து இல்லை.

இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்கு, கீரி, நரிக்குப் பொருந்தாது. நாயைக் கட்டிப்போடப் போய் இன்னொருவர் கடிபடவும் வேண்டாம்.

கீழத்தெரு | 5 மார்ச், பகல் 1.30

ஜி.எச்.ல சீரம் புண்ணுலயே போட்டாங்க, குதிரைச் சீரம். மாத்திரையும் மாத்திட்டாங்க. தையல் போடல, ரெண்டு கிழிசலும் திறந்தே இருக்கு. மறந்துட்டாங்களோன்னு வீட்ல பயம்.

காயக்கட்டு | 5 மார்ச், பகல் 2.05

மறக்கவில்லை. நாய்க்கடியை உடனே மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தையல் ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் வைரஸுக்குப் புது வழி. கை, கால் கடிகளை வழக்கமாகத் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆறவிடுவார்கள், அல்லது சில நாள் கழித்துப் புண் சுத்தமானதும் தைப்பார்கள். முகம் மட்டும் விதிவிலக்கு. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் முக்கியம். அதனால் நன்றாகக் கழுவி, முதலில் சீரம் செலுத்தி, சில மணி நேரம் விட்டு, தளர்வாகச் சில தையல் மட்டும் போடுவார்கள்.

காயக்கட்டு | 5 மார்ச், மாலை 4.30

இனி கவனிப்பு. இதைத்தான் நிதானமாக எழுத வேண்டும்.

முதல் இரண்டு நாள் புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம், விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குள் சூடு, தெளிந்த மஞ்சள் நீர்க் கசிவு எல்லாம் உடம்பு வேலை செய்வதன் அடையாளம். இரண்டு, மூன்று நாளில் இது இறங்குமுகம் ஆக வேண்டும். அதன் பிறகும் ஏறுமுகமாக இருந்தால் கிருமி. பாஸ்டுரெல்லா என்றால் இன்னும் வேகம், கடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே வலி பிடுங்கும்.

"சிவந்திருக்கா?" என்ற கேள்வி நம் தோலுக்குப் பாதிதான் உதவும். மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. தோல் பளபளவென்று இழுபட்டு, சுற்றி இருப்பதைவிடக் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும், அவ்வளவுதான். ஆகவே தொட்டுப் பாருங்கள். உங்கள் புறங்கையை முதலில் நல்ல கையில் வைத்து, பிறகு கடிபட்ட கையில் அதே இடத்தில் வையுங்கள். சூட்டில் வேறுபாடு தெரியும். ஒரு விரலால் மெல்ல அழுத்தினால் கல்போல் விறைத்திருக்கிறதா, குழி விழுகிறதா, எந்த இடத்தோடு வலி நிற்கிறது என்று பாருங்கள். அந்த எல்லையில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதுங்கள். பெட்டாடைன் கறை எல்லையை மறைக்கும், முதலில் துடைத்துவிட்டுக் கோடு போடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் அன்றே ஆஸ்பத்திரி. ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் தினம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் டாக்டருக்குச் சொல்வது எளிது.

மற்ற அடையாளங்கள்: கெட்டியான, நாறும் சீழ். முன்கையிலிருந்து முழங்கையை நோக்கி ஏறும் கோடு. அக்குளில் நெறி கட்டுவது. 100.4க்கு மேல் காய்ச்சல். சர்க்கரைக்காரருக்கு இன்னொன்று: மாத்திரை, சாப்பாடு எதுவும் மாறாமல் சுகர் திடீரென 250, 300 என்று எகிறினால், வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே சீழ் இருக்கலாம். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி குறைவாகத் தெரியும் என்பதால் "வலியில்லை" என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

குளிர் நடுக்கம், நாடித்துடிப்பு 100க்கு மேல், மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல், உடம்பில் ஊதாத் திட்டுகள்: இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108. மண்ணீரல் எடுத்தவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி புண்ணில் எதையும் பெரிதாகக் காட்டாமலே ரத்தத்தில் இறங்கிவிடும். அவர்களுக்கு முதல் காய்ச்சலே அவசரம்.

கீழத்தெரு | 5 மார்ச், இரவு 8.50

முன்கை பரவால்ல. ஆனா அந்தச் சுட்டுவிரல் முழுசா உருண்டு வீங்கியிருக்கு. மடக்கியே வச்சிருக்கார். நான் லேசா நீட்டிப் பார்த்தேன், கத்திட்டார்.

காயக்கட்டு | 5 மார்ச், இரவு 8.58

இப்போதே கிளம்புங்கள். எலும்பு மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ உள்ள பெரிய ஆஸ்பத்திரி. இனி எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், அறுவை அறைக்குப் போக நேரலாம். சுகர் மாத்திரை எப்போது போட்டார் என்பதைக் குறித்து எடுத்துப் போங்கள். வழியில் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் சுகர் இறங்கியிருக்கலாம், வண்டியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

அங்கே போனதும் இந்த நான்கையும் சொல்லுங்கள்: விரல் முழுவதும் ஒரே சீராக வீக்கம், மடங்கிய நிலையிலேயே இருக்கிறது, உள்ளங்கைப் பக்கம் தசைநார் ஓடும் வழி நெடுக அழுத்தினால் வலி, நீட்டினால் தாங்க முடியாத வலி.

காயக்கட்டு | 5 மார்ச், இரவு 9.30

படிக்கும் மற்றவர்களுக்காக. விரலை மடக்கும் தசைநார் ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறது. நாயின் கோரைப்பல் வெளியே சின்ன ஓட்டைதான் போடும், நேரே அந்த உறைக்குள் இறங்கிவிடும். மேலே தோல் மூடிக்கொண்டுவிடும். குறுகிய உறைக்குள் சீழ் கூடும்போது தசைநாருக்குப் போகும் ரத்தம் நின்று, நாரே அழுகிவிடும். மாத்திரை அங்கே போதிய அளவு சேராது. திறந்து கழுவுவதுதான் வழி, அதுவும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அல்ல. பெரிய கிழிசல் பயமுறுத்தும், ஆனால் திறந்திருப்பதால் தானே வடியும். கையை முடக்குவது பெரும்பாலும் இந்தச் சின்ன ஓட்டைதான்.

கீழத்தெரு | 6 மார்ச், பகல் 11.20

ராத்திரி ரெண்டு மணிக்கு திறந்து கழுவிட்டாங்க. சீழ் இருந்துச்சாம், கல்ச்சருக்கு அனுப்பியிருக்காங்க. ஊசி வழியா ஆன்டிபயாட்டிக் போகுது. எக்ஸ்-ரேல எலும்பு சரியா இருக்கு, பல் துண்டும் இல்ல. இன்னைக்கு ரெண்டாவது ஏஆர்வி தேதி. படுத்திருக்கிறவருக்குப் போடலாமா?

காயக்கட்டு | 6 மார்ச், பகல் 11.45

போட வேண்டும். காய்ச்சல், ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் எதுவும் தடையில்லை. வார்டு நர்ஸிடம் அட்டையைக் காட்டுங்கள். தோலுக்குள் போடும் முறையில் தேதிகள் 0, 3, 7, 28. ஒவ்வொரு முறையும் இரண்டு தோளிலும் தலா 0.1 மி.லி. உங்களுக்கு மார்ச் 3, 6, 10, 31. தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. தொடங்கிய முறையிலேயே முடிப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் மாற்றலாம். ஒரு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், முதலிலிருந்து வேண்டாம்.

தோலுக்குள் சரியாகப் போட்டால் அந்த இடம் வெளுத்து ஒரு சிறு கொப்புளம் எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, பக்கத்தில் மறுபடி போடச் சொல்லலாம். புட்டத்தில் இந்தத் தடுப்பூசியைப் போடவே கூடாது. அங்கே கொழுப்பில் தங்கி வேலை செய்யாமல் போகும்.

மல்லிகைப்பந்தல் | 6 மார்ச், இரவு 7.30

தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசின்னு பாட்டி சொல்லுமே, அது எங்க போச்சு? அதுக்குப் பயந்துதான் எங்க தெருவுல நாய்க்கடி பட்ட ஒரு அம்மா இன்னும் ஊசிக்குப் போகல. கர்ப்பமா வேற இருக்காங்க.

காயக்கட்டு | 6 மார்ச், இரவு 8.10

அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய செம்பிள் மருந்து. 1911இல் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் இமாச்சலின் கசௌலியில் உருவாக்கியது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் பல காலம் அதைத் தயாரித்தது. வயிற்றில் தினம் ஒன்றாகப் போட்டார்கள், சிலருக்கு நரம்பு பாதிப்பும் வந்தது. 2004இன் இறுதியோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ளது செல்களில் வளர்த்துச் செயலிழக்க வைத்த மருந்து. கர்ப்பிணி, பால் கொடுப்பவர், கைக்குழந்தை எல்லோருக்கும் போடலாம். சீரமும் போடலாம். அந்த அம்மாவை நாளைக் காலை கூட்டிப் போங்கள். கடித்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் போக வேண்டும், "நாள் கடந்துவிட்டது" என்பது இந்த நோயில் ஒரு காரணமே இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். முகத்தில், தலையில் கடித்தால் சீக்கிரம் வரும்.

தொழுவம் | 7 மார்ச், காலை 10.00

கால்நடைப் பக்கத்திலிருந்து ஒன்று. தெருநாய் ஒருவரைக் கடித்தால் அன்று அது எதையெல்லாம் கடித்தது என்று விசாரியுங்கள். மாடு, ஆடு கடிபட்டிருந்தால் அவற்றுக்கும் 0, 3, 7, 14, 28, 90 நாள்களில் தடுப்பூசி உண்டு. கால்நடை உதவி எண் 1962க்குக் கூப்பிடலாம். காய்ச்சிய பாலால் ஆபத்தில்லை, அதைக் குடித்ததற்கு ஊசி தேவையில்லை. சந்தேகப்படும் மாட்டின் பச்சைப் பாலைக் கன்றுக்கோ மனிதருக்கோ கொடுக்காதீர்கள். தீனி இறங்காமல் எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாய்க்குள் "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு" என்று கையை விடாதீர்கள். வெறிநோய் மாட்டில் அப்படித்தான் தொடங்கும்.

கீழத்தெரு | 9 மார்ச், மாலை 5.15

டிஸ்சார்ஜ். விரல் வீக்கம் பாதி. வீட்லயே தினம் கட்டு மாத்தச் சொல்லிட்டாங்க. கறி, முட்டை, கத்தரிக்காய் கூடாதுன்னு பாட்டி ஒரே பிடி. புண்ணுல மஞ்சளா ஒண்ணு படிஞ்சிருக்கு, அது சீழா?

காயக்கட்டு | 9 மார்ச், மாலை 6.40

பத்தியம் வேண்டாம். புண் ஆற முட்டை, மீன், கறி, பருப்பு எல்லாம் வேண்டும். சதை வளர்வது புரதத்தில். தினம் இரண்டு முட்டையும் ஒரு வேளை மீனும் அவருக்கு மருந்து என்று பாட்டியிடம் சொல்லுங்கள். குறைக்க வேண்டியது சோற்றின் அளவை. சுகர் 180க்குள் இருந்தால் புண் ஆறும் வேகமே வேறு. ஊசி முடியும் வரை சாராயம் வேண்டாம், சிகரெட் அறவே வேண்டாம்.

கட்டு மாற்றுவது: வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துத் தொடங்குங்கள். கையை சோப்பில் கழுவிக்கொள்ளுங்கள். பழைய காஸ் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானே விடும். பிய்த்தால் நேற்று வளர்ந்த புதுச்சதை அதோடு வரும். பிறகு 20 மி.லி. சிரிஞ்சில் சலைன் எடுத்து, அகலத் திறப்பு வழியாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். குறுகிய ஓட்டைக்குள் ஊசி நுனியை விட்டு அழுத்தக் கூடாது, தண்ணீர் கிருமியைச் சதைக்குள் தள்ளிவிடும். திறந்த சலைன் பாட்டிலை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஒன்றரை டீஸ்பூன் உப்பு (சுமார் 9 கிராம்) சேர்த்து மூடி ஆறவிடுங்கள். மேலே ஒட்டாத பாரஃபின் காஸ், அதன் மேல் உலர்ந்த காஸ், தளர்வான சுற்று. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து சுத்தமாகிறது என்று நினைப்பார்கள், அது புதுச்சதையையும் எரிக்கிறது. பெட்டாடைனும் இனி தினசரி தேவையில்லை.

மஞ்சள் படிவு பற்றி: துணியால் ஒற்றினால் வராமல் அடியில் ஒட்டியிருந்தால் அது செத்த திசுவும் நாரும் சேர்ந்த படலம். சீழ் ஒற்றினால் துணியோடு வரும், கெட்டியாக, நாற்றத்தோடு. படலத்துக்கு அடியில் ஈரமாக, சிவப்பாக, மாதுளை முத்து போலப் பொடிப்பொடியாக எழும்புவது புதுச்சதை. அதைத் தொட்டால் லேசாக ரத்தம் கசியும், அது நல்லது. அதுவே வெளிறி, வழவழப்பாக மாறினால் மறுபடி காட்டுங்கள்.

கீழத்தெரு | 13 மார்ச், காலை 7.10

புண் நல்லா இருக்கு, ஆனா நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சல் 101. முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வலி. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா அரிப்பு. மறுபடி சீழா? இல்ல... அந்த நோயா?

காயக்கட்டு | 13 மார்ச், காலை 7.35

கோடு தாண்டவில்லை, சீழ் இல்லை, அக்குளில் நெறி இல்லை என்றால், இது பெரும்பாலும் குதிரைச் சீரத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. சீரம் போட்டு ஒரு வாரம், பத்து நாளில் வரும்: தடிப்பு, மூட்டு வலி, காய்ச்சல், சிலருக்கு நெறி. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் ரத்தம் பார்த்து, அரிப்புக்கும் வலிக்கும் மருந்து தருவார். சில நாளில் அடங்கும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108. தானாக ஸ்டீராய்டு வாங்கிப் போட வேண்டாம். அது தடுப்பூசியின் வேலையைக் குறைக்கும், சுகரையும் ஏற்றும். "சீரம் 5ஆம் தேதி, குதிரை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை என்று நினைத்து நல்ல மருந்தை நிறுத்திவிட வாய்ப்புண்டு.

வெறிநோயின் தொடக்கம் வேறு மாதிரி. கடித்த இடத்தில் கூச்சம், எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு, பிறகு தண்ணீர் விழுங்கும்போது தொண்டை இழுப்பு. உடம்பெல்லாம் தடிப்பு அதில் வராது. ஆறும் தழும்பிலும் லேசான அரிப்பு வரும், நரம்பு வளர்வதால். கழுவலும் சீரமும் ஊசியும் முறையாகக் கிடைத்தவர் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கீழத்தெரு | 20 மார்ச், இரவு 9.00

அது சீரத்தாலதான்னு டாக்டரும் சொன்னார், நாலு நாள்ல போயிருச்சு. இப்ப புண் மூடிக்கிட்டே வருது. விரல் மட்டும் மடங்கல. வலிக்குதுன்னு அசைக்கவே மாட்டேங்கிறார்.

காயக்கட்டு | 20 மார்ச், இரவு 9.50

இங்கேதான் மெனக்கெட வேண்டும். சீழ் வடிந்து வலி இறங்கியதும் அசைவு தொடங்காவிட்டால் தசைநார் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அறுவை செய்தவரிடம் அனுமதி கேட்டு, பிசியோதெரபி பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் (புண் முழுக்க மூடிய பிறகு) கையைப் பத்து நிமிடம் வைத்து, ஒவ்வொரு மூட்டாக மடக்க வேண்டும். அடி மூட்டை மறு கையால் பிடித்து நடு மூட்டை மட்டும், நடு மூட்டைப் பிடித்து நுனி மூட்டை மட்டும். பத்துப் பத்து முறை, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. லேசாக இழுத்து வலிக்க வேண்டும், மறுநாள் வீங்கக் கூடாது. வீங்கினால் அளவு கூடிவிட்டது. அசைக்காத நேரத்தில் ஸ்பிளிண்ட் கட்டச் சொன்னால் கட்டுங்கள்: மணிக்கட்டு சற்றுப் பின்னால், அடி மூட்டு மடங்கி, விரல் நேராக. விரலை மடக்கிய நிலையில் துணியால் சுற்றி வைத்தால் அப்படியே இறுகிப்போகும்.

பல வாரம் கழித்து மூட்டு மறுபடி வீங்கி ஆழத்தில் வலித்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் எக்ஸ்-ரே எடுங்கள். எலும்புச் சீழ் தாமதமாகத்தான் தெரியும், முதல் இரண்டு வாரத்து எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மருந்தும் வாரக்கணக்கில்.

மல்லிகைப்பந்தல் | 22 மார்ச், பகல் 12.20

அந்த அம்மா ஊசி போட்டுக்கிட்டாங்க. அவங்க ஆறு வயசுப் பையன், அவங்களை நாய் கடிச்சதை நேர்ல பார்த்தவன். இப்ப வெளிய போகவே மாட்டேங்கிறான், ராத்திரி கத்துறான்.

காயக்கட்டு | 22 மார்ச், பகல் 1.00

பையன் மேல் நாய் கீறல், எச்சில் எதுவும் பட்டதா என்று முதலில் உடம்பு முழுக்கப் பாருங்கள். குழந்தைகள் அடிக்குப் பயந்து சொல்ல மாட்டார்கள். படவில்லை என்றால், பயத்தைக் கேலி செய்யாமல், நடந்ததை அவன் வாயால் சொல்லவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டலாம். கடிபட்ட பெரியவர்களுக்கும் இது வரும், யாரும் கேட்பதில்லை.

கீழத்தெரு | 31 மார்ச், பகல் 12.40

கடைசி ஊசியும் போட்டாச்சு. விரல் முக்கால்வாசி மடங்குது. இனி ஒருதரம் கடிச்சா என்ன செய்யணும்?

காயக்கட்டு | 31 மார்ச், இரவு 7.15

அட்டையை பத்திரப்படுத்துங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். இனி கடித்தால் சீரம் தேவையில்லை. தடுப்பூசி 0, 3ஆம் நாள்களில் மட்டும், இரண்டே முறை. மூன்று மாதத்துக்குள் கடித்தால் ஊசியும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவன வழிகாட்டல், ஆனாலும் டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். டிடி ஐந்து வருடத்துக்குள் போட்டிருந்தால் மறுபடி தேவையில்லை.

புண்ணுக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. 15 நிமிடக் கழுவல், ஆன்டிபயாட்டிக் முடிவு, பேனாக் கோடு எல்லாம் முதலிலிருந்து.

தழும்பு: முழுக்க மூடி இரண்டு வாரம் ஆன பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு, தினம் இரண்டு வேளை ஐந்து நிமிடம், தோலோடு அடிச்சதையும் நகரும்படி அழுத்தித் தேயுங்கள். தடித்து எழும்பினால் சிலிக்கான் ஜெல். ஒரு வருடம் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை, இல்லாவிட்டால் கறுத்துவிடும். மூன்று மாதம் ஆனாலும் தோல் பழைய பலத்தில் முக்கால்வாசிதான் பெற்றிருக்கும். மண்வெட்டி, கடப்பாரை வேலைக்கு அதுவரை இடது கையே முன்னால் போகட்டும்.